மேல்படி இல்லாத லீக்: மார்த்தினிக் தீவின் கால்பந்து

மார்த்தினிக் தீவில் ஆண்களுக்கான கால்பந்து லீக் மூன்று படிகளாக நடக்கிறது. மேல்படிக்கு 'ரெஜியோனல் 1' என்று பெயர். அதன் கீழே 'ரெஜியோனல் 2', 'ரெஜியோனல் 3'. கீழ்ப்படியில் முன்னணியில் முடிக்கும் அணிகள் அடுத்த ஆண்டு மேலே ஏறும். மேலே கடைசியில் நிற்பவை கீழே இறங்கும். இதுவரை உலகின் எந்த லீக்கைப் போலவும்தான். ஆனால் ரெஜியோனல் 1-இல் முதலிடம் பிடித்த அணி ஏறிச் செல்ல அதற்கு மேல் படியே கிடையாது.

காரணம் புவியியலில் இருக்கிறது. கிழக்குக் கரீபியனில் 1,128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவு, 1946 முதல் சட்டப்படி பிரான்சின் ஒரு மாவட்டம். (19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றப்பட்ட தீவுகளில் இதுவும் ஒன்று.) 1953-இல் தோன்றிய மார்த்தினிக் கால்பந்து லீக் அமைப்பு, பாரிசில் உள்ள பிரெஞ்சுக் கால்பந்து சம்மேளனத்தின் ஒரு வட்டாரக் கிளை. பிரான்சின் நிலப்பகுதியில் இத்தகைய வட்டார லீக்கை வெல்லும் அணி தேசிய அளவிலான பிரிவுகளுக்கு ஏறலாம். பிரான்சின் கோர்சிகாவும் தீவுதான், ஆனாலும் அங்குள்ள பாஸ்தியா, அஜாக்சியோ நகர அணிகள் பிரான்சின் முதல் பிரிவு வரை போய் ஆடியிருக்கின்றன. ஆனால் மார்த்தினிக்கிலிருந்து பாரிஸ் கிட்டத்தட்ட 6,850 கிலோமீட்டர். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அட்லாண்டிக்கைக் கடந்து போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப எந்த அமெச்சூர் அணியாலும் முடியாது.

இங்குள்ள அணிகள் எல்லாமே அமெச்சூர் அணிகள். பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான, லாப நோக்கமற்ற மன்றங்கள் அவை. மைதானம் பெரும்பாலும் ஊராட்சிக்குச் சொந்தம். பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்கள் மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். ஆட்டங்கள் வார இறுதியில். ஐரோப்பியக் கோடையின் முடிவில் தொடங்கும் பருவம் அடுத்த ஆண்டு மே, ஜூன் வரை நீளும். அதன் முதல் பாதி மழையும் புயலும் வரும் மாதங்களோடு மோதுவதால் ஆட்டங்கள் தள்ளிப்போவது வழக்கம்.

ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அணி உண்டு. தலைநகரான ஃபோர்-து-பிரான்சில் மட்டும் பல. அவற்றுள் கிளப் கொலோனியல் 1906-இல் தொடங்கப்பட்டது. லெ பிரான்சுவா ஊரின் கிளப் பிரான்சிஸ்கேன் 2000-களில் பட்டத்தை வேறு யாருக்கும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. சேன்-ஜோசஃப் ஊரின் கோல்டன் லயன், சேன்ட்-மரியின் சமரித்தேன், ரிவியேர்-பிலோட் ஊரின் அணி ஆகியவையும் வலுவானவை. பிரெஞ்சும் கிரியோலும் பேசும் தீவில் 'கோல்டன் லயன்', 'கோல்டன் ஸ்டார்' என்று அணிகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்திருப்பது ஒரு வேடிக்கை.

புள்ளி கணக்கிடும் முறை வெளியாரைத் திகைக்க வைக்கும். உலகெங்கும் வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0. மார்த்தினிக்கில் நெடுங்காலமாக வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2, தோல்விக்கு 1. தோற்றவருக்கு எதற்குப் புள்ளி? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 14 அணிகள் உள்ள லீக்கில் ஓர் அணிக்கு 26 ஆட்டம். அதில் 10 வெற்றி, 6 சமநிலை, 10 தோல்வி என்றால் வழக்கமான முறையில் 36 புள்ளி. மார்த்தினிக் முறையில் 62. வித்தியாசம் சரியாக 26, அதாவது ஆட்டத்துக்கு ஒன்று. எல்லா அணிகளும் எல்லா ஆட்டங்களுக்கும் வந்துவிட்டால் பட்டியலின் வரிசை துளியும் மாறாது. வராமல் வாக்ஓவர் கொடுக்கும் அணிக்கு மட்டும் அந்த ஒரு புள்ளியும் கிடைக்காது. ஆக, அது தோல்விக்கான புள்ளி அல்ல, மைதானத்துக்கு வந்ததற்கான புள்ளி. ஆட்டக்காரர்களைத் திரட்டுவதே பாடாக இருக்கும் அமெச்சூர் லீக்குக்கு ஏற்ற விதி. பிரான்சின் கீழ்நிலை லீக்குகளிலும் முன்பு இதே முறைதான் இருந்தது.

மேலே படி இல்லாவிட்டாலும் வெளியே செல்ல இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது பிரெஞ்சுக் கோப்பை. தீவுக்குள் நடக்கும் சுற்றுகளைத் தாண்டும் அணிகள் ஏழாவது சுற்றில் பொதுப் போட்டிக்குள் நுழைகின்றன. அங்கே எதிரே யார் வருவார்கள் என்பது குலுக்கலைப் பொறுத்தது. 2024 ஜனவரியில் கோல்டன் லயன் அப்படி முன்னேறி லீல் நகருக்குப் போய், முதல் பிரிவு அணியான லீலிடம் 12-0 என்று தோற்றது. இரண்டாவது வாசல் கரீபியன் கிளப் போட்டி. முழுத் தொழில்முறை லீக் இல்லாத நாடுகளின் சாம்பியன்களுக்கென 2018-இல் கரீபியன் ஷீல்டு என்ற பெயரில் தொடங்கிய போட்டியில் மார்த்தினிக் அணிகள் ஆடுகின்றன. போட்டித் தரத்தில் பார்த்தால் இந்த இரண்டாவது வாசல்தான் இவற்றுக்குப் பொருத்தமானது.

திறமையான இளைஞர்கள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. பதின்வயதிலேயே பிரான்சின் தொழில்முறை கிளப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். மார்த்தினிக்கில் பிறந்த ஜெரார் ஜான்வியோன் சேன்-எத்தியன் அணியில் பெயர் பெற்று, 1978, 1982 உலகக் கோப்பைகளில் பிரான்சுக்காக ஆடினார். மேல்படி இல்லாத லீக் தன் சிறந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க முடியாது என்பது எதிர்பார்க்கக்கூடியதே.

தீவின் தேர்வு அணிக்கும் இதே இரட்டை நிலைதான். வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பான கான்ககாஃபில் 41 உறுப்பினர்கள். அவற்றில் ஃபிஃபாவில் இடம் பெறாத ஆறில் மார்த்தினிக்கும் ஒன்று. கான்ககாஃப் உறுப்பினர் என்பதால் அதன் கோல்டு கப் போட்டியில் ஆடலாம். 2002-இல் காலிறுதி வரை சென்றதும் உண்டு. ஃபிஃபாவில் இல்லாததால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மட்டும் இடமில்லை. ஏறத்தாழ மூன்றரை லட்சம் மக்கள் வாழும் மார்த்தினிக்குக்கு மூடியிருக்கும் அந்தக் கதவு, அதில் பாதி மக்கள்தொகைகூட இல்லாத, ஆனால் ஃபிஃபா உறுப்பினரான குராசாவ் தீவுக்குத் திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் ஜமைக்காவுடன் 0-0 என்று சமன் செய்து, 2026 உலகக் கோப்பைக்குக் குராசாவ் தகுதி பெற்றது.