அக்கா மார்க் அக்காவுடையது

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் பல வீடுகளில் இரண்டு பேருடைய மதிப்பெண்கள் பேசப்படுகின்றன. ஒன்று இந்த ஆண்டு தேர்வெழுதிய பிள்ளையுடையது. இன்னொன்று சில ஆண்டுகளுக்கு முன் அதே தேர்வை எழுதி முடித்துவிட்ட அக்காவுடையது, அல்லது அண்ணனுடையது. "அக்கா 560, நீ 470" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், 470 நல்ல மதிப்பெண்தானா, அந்தப் பிள்ளை விரும்பும் படிப்புக்கு அது போதுமா என்ற கேள்விகளுக்கே இடமில்லாமல் போகிறது. வாங்கிய 470 மறைந்து, வாங்காத 90 மட்டும் வீட்டில் நிற்கிறது. இப்படிப் பேசுவோரில் பெரும்பாலோர் பிள்ளைமேல் பாசம் உள்ளவர்களே. சுருக்கென்று நாலு வார்த்தை சொன்னால் ரோஷம் வந்து படிக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு எதிராக ஆய்வுகள் பேசுகின்றன. அதே பேச்சு வகுப்பறையில் வந்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒப்பிடப்படும் பிள்ளைக்கும், ஒப்பிடும் பெரியவர்களுக்கும் இவ்விரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பள்ளிக்கூடம். அவளால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது?" என்பதுதான் ஒப்பிடுவோர் முதலில் எடுக்கும் வாதம். கேட்கும்போது நியாயமாகவே படும். ஆனால் தமிழ்நாட்டுத் தேர்வுகளின் அண்மைக்கால வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அந்த "ஒரே" நிற்பதில்லை. 2018 வரை பிளஸ் டூ தேர்வு 1200 மதிப்பெண்ணுக்கு நடந்தது; 2019இல் 600 ஆனது. 2018-19 கல்வியாண்டில் புதிய பாடத்திட்டம் வரத் தொடங்கியதால், அண்ணன் படித்த புத்தகமும் தம்பி படித்த புத்தகமும் வேறு வேறாக இருந்த வீடுகள் எத்தனையோ. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தாகி, முந்தைய மதிப்பெண்களைக் கொண்டு கணக்கிட்டு முடிவு அறிவித்தார்கள். 2016இல் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கிடைத்தது. 2017 முதல் நீட் எழுத வேண்டியிருந்தது. 2016இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அண்ணனை 2018இல் நீட் எழுதிய தங்கையோடு ஒப்பிடுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு வாசல்களை ஒரே வாசலாக நினைத்துக்கொள்கிறார்கள். வீடும் அப்படித்தான். மூத்தது பத்தாம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்கு இருந்த வேலை, அம்மாவுக்கு இருந்த உடம்பு, தாத்தா பாட்டியின் துணை, வீட்டுக் கடன் எல்லாம் இளையது பத்தாம் வகுப்புக்கு வரும்போது மாறியிருக்கும். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு குழந்தைப் பருவங்களைக் கடக்கிறார்கள்.

அளவுகோல் தவறென்றால் பரவாயில்லை, அதனால் நன்மை விளைகிறதே என்று சிலர் சொல்லலாம். விளைவதில்லை. அலெக்சாண்டர் ஜென்சன், சூசன் மக்ஹேல் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பதின்பருவத்து முதல் பிள்ளைகளையும் இரண்டாம் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருவரில் யார் அதிகக் கெட்டிக்காரர் என்று பெற்றோரிடம் கேட்டபோது பெரும்பாலோர் மூத்ததையே சொன்னார்கள். உண்மையில் சராசரியாகப் பார்த்தால் மூத்ததும் இளையதும் பள்ளியில் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. எந்தப் பிள்ளையைப் பெற்றோர் மட்டமாக நினைத்தார்களோ அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டில் பின்தங்கியது. பழைய மதிப்பெண்கள் பெற்றோரின் எண்ணத்தை உருவாக்கவில்லை. பெற்றோரின் எண்ணம் வரப்போகும் மதிப்பெண்களைப் பாதித்தது. அமெரிக்கப் பள்ளிகளின் நான்கு புள்ளி மதிப்பெண் அளவில் அதனால் வந்த வேறுபாடு 0.21. ஓராண்டுக்கு அது சிறியதுதான். ஆனால் பள்ளிப் பருவம் ஓராண்டு அல்ல. பிள்ளையைத் திருத்துவதற்காகச் சொன்ன சொல்லே, அது எதைத் திருத்த வந்ததோ அந்தக் குறையை வளர்க்கிறது.

"மூத்தவன் பொறுப்பானவன், சின்னவன் விளையாட்டுப் பிள்ளை" என்ற வழக்கமான பேச்சுக்கும் இதே கதிதான். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்டோரின் தகவல்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பில்லை என்று கண்டது. அறிவுத்திறன் சோதனைகளில் மூத்தவர்களுக்குச் சிறிய முன்னிலை இருந்தது உண்மை. ஆனால் அது தனி ஒரு பிள்ளையைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாத அளவுக்குச் சிறியது. வெளிநாட்டு ஆய்வு நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. எண்கள் மாறலாம். ஆனால் நம் மாநிலமே இதே திசையில் ஒரு முடிவெடுத்திருக்கிறது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பொதுத்தேர்வில் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசு கைவிட்டது. பிள்ளைகளை ஊரறிய வரிசைப்படுத்துவது அவர்களுக்கு மன அழுத்தம் தருகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாளிதழின் முதல் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட ரேங்க் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் தொடர்வதில் என்ன நியாயம்?

மதிப்பெண் குறைவதோடு இந்தப் பாதிப்பு நிற்பதில்லை. அக்கா கணக்கில் கெட்டி என்று தினமும் கேட்கும் தங்கை, தனக்குக் கணக்கு பிடித்திருந்தாலும் அதை விட்டு விலகுகிறாள். தோற்றால் ஒப்பிடுவார்கள், ஜெயித்தாலும் "அக்கா அளவுக்கு இல்லை" என்பார்கள் எனும்போது களத்தைவிட்டே போய்விடுவது அவளுக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. இன்னும் கவலைக்குரியது, கற்றல் குறைபாடு ஒளிந்துகொள்வது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அறிவில் குறைவிராது; எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிரமம். வீட்டில் நன்றாகப் படிக்கும் மூத்த பிள்ளை இருந்துவிட்டால், இளையவனின் சிரமம் சோம்பேறித்தனம் என்று பெயர் வாங்கிவிடுகிறது. பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். "அண்ணனைப் பார்" என்று ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகு உண்மை தெரியவரும்போது, கைக்கு எட்டியிருக்கக்கூடிய உதவியெல்லாம் வீணாகியிருக்கும்.

மூத்த பிள்ளைக்கும் இதில் லாபமில்லை. இளையவரை அடிக்க எடுக்கும் பிரம்பாகத் தன் பெயர் பயன்படுவதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பின் சோர்ந்து, எளிய கணக்குகளையே தேடிப் போவதையும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயல்வதையும் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எடுத்துக்காட்டாக நிறுத்தப்படும் அக்காவுக்குத் தவறு செய்யும் உரிமை பறிபோகிறது. தம்பி தங்கையின் பாசமும் கூடவே போகிறது. பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் நிற்க வேண்டிய உறவு அது.

"நாங்களும் இப்படித்தான் திட்டு வாங்கி வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நன்றாக வந்தது உண்மையாக இருக்கலாம். அது ஒப்பீட்டால் வந்ததா, ஒப்பீட்டையும் தாங்கி வந்ததா என்பதை அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. படிப்பை விட்டவர்களும், அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்க முன்வருவதில்லை. போட்டி இல்லாமல் முன்னேற்றம் ஏது என்பது இன்னொரு வாதம். மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டே தங்கள் திறனை மதிப்பிடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதினார். தம்பி தானாக அண்ணனைப் பார்த்து, "இதை எப்படிப் படிச்சே?" என்று கேட்பது நல்ல ஒப்பீடுதான், அங்கே அண்ணன் வழிகாட்டி. அதே அண்ணனைப் பெரியவர்கள் உறவினர் முன்னிலையில் தம்பிக்கு எதிராக நிறுத்தும்போது கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, கூசிப்போவதற்கு மட்டுமே இருக்கிறது. "அவ மூத்திரத்தை வாங்கிக் குடி, அப்பவாவது புத்தி வரும்" என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதைக் கண்டிப்பு என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு குழந்தையை அவமதிப்பது.

பள்ளியில் நிலைமை சட்டப்படி தெளிவானது. மூத்தவர் படித்த அதே பள்ளியில் இளையவர் சேரும்போது, "உங்க அக்கா எங்கே, நீ எங்கே?" என்று வகுப்பறையிலேயே கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மேல் துறைரீதியான நடவடிக்கை எடுக்கலாம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், நன்றாகப் படிக்க வைப்பதற்காகக் குழந்தையை வெட்கப்படுத்துவதையும் மன உளைச்சலின் கீழ் சேர்க்கின்றன. "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்ற பதில் இங்கே செல்லாது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவுக்கு அந்த வரம்புகள் இல்லை. 18 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்தித் தேவையற்ற மன வேதனையோ உடல் வேதனையோ தந்தால் அது தண்டனைக்குரிய குற்றம். மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிப்பதையும் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு, குறிப்பாகப் பயிற்சி மையங்களுக்கு, வழிகாட்டுதல் தந்தது. நடைமுறையில் முதல் படி, நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது. பெரும்பாலான பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று மேலே போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

வீட்டுக்குள் சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதில் ஏமாற்றக் கூடாது. 75ஆம் பிரிவு பெற்றோருக்கும் பொருந்தும். ஆனால் அது கொடுமைக்கான பிரிவு. ஒப்பிட்டுப் பேசியதற்காக யாரும் காவல் நிலையம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, போனாலும் பயனில்லை. அடி, பட்டினி, வீட்டைவிட்டு விரட்டுவது என்று ஒப்பீடு வளர்ந்தால் அது வேறு கதை. அப்போது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. மற்றபடி வீட்டில் பரிகாரம் பேச்சுதான். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று கூறும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதை வீட்டில் பயன்படுத்த வேண்டுமானால் நேரம் பார்த்துப் பேச வேண்டும். ரிப்போர்ட் கார்டு கையில் இருக்கும்போது வேண்டாம், அமைதியான ஒரு மாலையில், அப்பா அம்மா இருவரில் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரிடம், "அண்ணன் பேரைச் சொல்லும்போது எனக்குப் படிக்கவே பிடிக்கலம்மா. எந்தப் பாடத்துல குறையுதுன்னு மட்டும் சொல்லுங்க, பார்த்துக்கறேன்" என்று சொல்லலாம். குற்றம்சாட்டாமல் ஒரு மாற்று வழியைக் கேட்கிற பேச்சு இது. கோபத்தில் கத்துவதைவிட இதற்குப் பலன் அதிகம். அப்படியும் நிற்காவிட்டால் சித்தி, மாமா, வகுப்பாசிரியர் என்று பெற்றோர் மதிக்கும் ஒருவரைப் பேசச் சொல்லலாம். எல்லோரையும்விட அந்தச் சொல்லுக்கு வலு தரக்கூடியவர் மூத்த பிள்ளைதான். "என்னை இதுல இழுக்காதீங்கப்பா" என்று அக்கா ஒருமுறை சொன்னால், ஒப்பிடுவதற்கு வீட்டில் ஆள் இல்லாமல் போகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒரே ஒரு மாற்றம்: பிள்ளையை அதன் சென்ற தேர்வோடு ஒப்பிடுவது. காலாண்டில் 45 வாங்கியது அரையாண்டில் 58 ஆனால் அது 13 மதிப்பெண் முன்னேற்றம், அக்கா அதே பாடத்தில் 95 வாங்கியிருந்தாலும். 58 பெற எப்படிப் படித்தாய் என்று கேட்டால் அடுத்த தேர்வுக்கும் அந்த வழி நினைவிருக்கும். உறவினர் முன்னிலையில் யாராவது ஒப்பிடத் தொடங்கினால் அங்கேயே பேச்சை மாற்றுவது பெற்றோரின் கடமை. பிள்ளை அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

நிறமும் திருமணமும் சம்பளமும் மதிப்பெண்ணின் இடத்தைப் பிடிப்பதால், வளர்ந்த பிறகும் இந்தக் காயம் ஆறாமல் இருப்பவர்கள் பலர். காயத்தைவிடப் பெரிய ஆபத்தையும் பேசியாக வேண்டும். 2022இல் இந்தியாவில் 13,000க்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் யாருக்கும் வேண்டாதவன் என்ற பேச்சு, தூக்கமும் சாப்பாடும் குறைவது, பிடித்த பொருட்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவை ஒரு பிள்ளையிடம் தெரிந்தால் மதிப்பெண் பேச்சை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அருகில் உட்கார வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதலே வரும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளை தானே அழைக்கலாம், தம்பிக்காக அண்ணனும் அழைக்கலாம்.