பழைய பெயருக்கு ஒரு நோட்டீஸ்

பொத்தான், பட்டியல், தேடல் பெட்டி என்று இணையப் பக்கத்தைச் சின்னச் சின்ன கம்போனென்ட்டுகளாகக் கட்ட உதவும் நிரல் நூலகம் ரியாக்ட். ஃபேஸ்புக் உருவாக்கி, 2013இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன் பதிப்பெண் 18.3.1 என்பதுபோல மூன்று எண்களாக இருக்கும். கடைசி எண் கூடினால் ஏதோ பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். நடு எண் கூடினால் புது வசதி வந்திருக்கிறது, பழையதும் ஓடும். முதல் எண் கூடினால்தான் வில்லங்கம். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று படுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் படுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் அல்லவா? அதற்குத்தான் 'டெப்ரிகேட்' செய்வது. "அது டெப்ரிகேட் ஆயிடுச்சு" என்று அலுவலகத்தில் சொன்னால், புதிதாகச் சேர்ந்தவர் அது செத்துவிட்டது என்றே நினைப்பார். சாகவில்லை. காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். சாமானெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

'கம்போனென்ட்வில்மவுன்ட்' கதையைப் பாருங்கள். கம்போனென்ட் திரைக்கு வருவதற்குச் சற்று முன் ஓடும் செயல்கூறு இது. சர்வரிலிருந்து தகவல் கேட்பதைப் பலரும் இதில்தான் எழுதி வைத்தார்கள். பிறகு ரியாக்ட் குழு, திரை வரையும் வேலையைப் பாதியில் நிறுத்தவும், தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கவும் வழி செய்ய நினைத்தது. அப்படியானால் இந்தச் செயல்கூறு இரண்டு மூன்று முறை ஓடும். கம்போனென்ட் திரைக்கு வராமலே போனாலும் போகும். கேட்ட தகவலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.

உடனே நீக்கிவிட முடியாது. அப்போது ஃபேஸ்புக்கிடமே 50,000க்கு மேல் ரியாக்ட் கம்போனென்ட்டுகள் இருந்தன. 2018 மார்ச்சில் வந்த 16.3இல், அதே செயல்கூறுக்கு முன்னால் 'அன்சேஃப்' என்று ஒட்டிய மாற்றுப் பெயரைத் தந்தார்கள். தட்டச்சு செய்யும்போதே கை கூச வேண்டும் என்பதுதான் எண்ணம். அசிங்கமான பெயர், நல்ல யோசனை. 2019 ஆகஸ்டில் 16.9 வந்தபோது, பழைய பெயரைப் பயன்படுத்தினால் பிரவுசர் கன்சோலில் மஞ்சள் எச்சரிக்கை எழுந்தது. எந்தக் கம்போனென்ட்டில் சிக்கல் என்று அது பெயர் சொல்லும். பழைய பெயர்களைத் தானே மாற்றித்தரும் கருவிக்கான கட்டளையையும் கீழேயே தரும். எச்சரிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும். 'இதைப் பயன்படுத்தாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது மிரட்டல்.

எல்லாவற்றுக்கும் இத்தனை இரக்கம் கிடைப்பதில்லை. கம்போனென்ட்டுகளை இணையப் பக்கத்தில் ஏற்றும் 'ரியாக்ட்டாம்.ரெண்டர்' 2022இல் 18ஆம் பதிப்பில் நோட்டீஸ் வாங்கியது. 2024 டிசம்பரில் 19ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. நடுவில், 19இல் உடையப்போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதற்காகவே 18.3 வெளியானது.

கம்போனென்ட்வில்மவுன்ட்டின் பழைய பெயரோ, அதே எச்சரிக்கையோடு 19ஆம் பதிப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.