வாப்பா ஏக்கமா, ஆட்டிசமா?

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால், விக்கிரமசிங்கபுரம் வட்டாரப் பள்ளிவாசல்களில் ஓதிப் பார்ப்பதற்காகப் பிள்ளையோடு நிற்கும் தாய்மார்களை நாம் காண்கிறோம். "மூணு வயசாகுது ஹஜ்ரத், பேச மாட்டேங்கிறான். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்பார்கள். கூட வந்தவர்கள், "வாப்பா சவூதியில இருக்கார்ல, அந்த ஏக்கம்தான்" என்று முடித்துவிடுவார்கள். "உம்மா பீடி சுத்துறதுலயே இருந்தா பிள்ளை எப்படிப் பேசும்?" என்று தாயைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு.

ஓதுவோம், துஆவும் செய்வோம். நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். ஆகவே இந்த 'ஏக்கம்' என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பாசப் பிணைப்புக் கோளாறு என்று மருத்துவத்தில் உண்மையிலேயே ஒன்று உண்டு. ஆனால் அது தந்தை வெளிநாடு போனதால் வருவதல்ல. நிலையாக அணைத்து வளர்க்க ஒருவர்கூட இல்லாமல், கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வருவது. அத்தகைய குழந்தை அடிபட்டாலும் யாரிடமும் ஆறுதல் தேடிப் போகாது. இன்னொரு வகையில், முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடும்.

ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விவரித்தார். பின்னர் மேலை நாடுகளிலும், தாயின் பாசக் குறைவே காரணம் என்று பல ஆண்டுகள் பழி சுமத்தினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் நூல் எழுதி இதை மறுத்தார். அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தை. அங்கே கைவிடப்பட்ட அந்தப் பழியை நம் தெருக்களில் இன்னும் சுமத்திக்கொண்டிருக்கிறோம்.

இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். 1989க்குப் பிறகு ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் சிலரிடம் ஆட்டிசம் போன்ற அடையாளங்கள் இருந்தன. நல்ல வீட்டில் வளர வளர, அவர்களில் பலருக்கு அவை குறைந்ததை மைக்கேல் ரட்டர் குழுவினர் கண்டார்கள். அன்பான வீட்டிலேயே பிறந்து வளர்ந்தும் அடையாளங்கள் மாறவில்லை என்றால், ஏக்கத்தைக் காரணம் சொல்ல இடமில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?
• ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையாவது காட்டுகிறதா?
• பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பாவனை விளையாட்டு உண்டா?
• வண்டிச் சக்கரத்தையே சுற்றுவது, பொருட்களை வரிசையாக அடுக்குவது, கைகளை உதறுவது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது உண்டா?
• பேசிய சொற்களை மறந்துவிட்டதா?

கடைசி இரண்டும் ஆட்டிசத்தின் பக்கம் அதிகம் சாய்பவை. "உம்மாவை ஒட்டிக்கொள்கிறானே, ஆட்டிசமாக இருக்காது" என்பதும் தவறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் தாயை நேசிக்கிறார்கள். காட்டும் விதம்தான் வேறு.

முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் தொடங்கி, நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் சிறு வயதில் தொடங்கினால் பலன் அதிகம். வாப்பாவின் அடுத்த லீவு வரை காத்திருந்தால் வீணாவது அந்த வயதுதான். பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவோம். தாயின் மீதான பழியை இறக்கி வைப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நலம் அருள்வானாக. ஆமீன்.