அமெரிக்காவில் டாக்டர் படிப்பா? கொஞ்சம் பொறுங்கள்!

எஸ்பிஎம் முடிவு வந்துவிட்டால் எங்கள் வானொலிக்குப் பெற்றோரின் அழைப்புகள் குவியும். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, மகளை அமெரிக்காவுல டாக்டருக்கு அனுப்பணும். எஸ்பிஎம் போதுமா?”

போதாது. அங்கே மருத்துவமும் சட்டமும் முதல் பட்டப்படிப்பில் கிடையாது. நான்கு ஆண்டு இளங்கலை முடித்த பிறகே மருத்துவக் கல்லூரி; அது இன்னும் நான்கு ஆண்டு. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்காத மருத்துவக் கல்லூரிகளே அங்கு அதிகம். இது தெரியாமல் வீட்டை அடகு வைக்கக் கிளம்புபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பொறியியல், கணினி, வணிகம் என்றால் கதை வேறு. பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு 3. கணினி படிக்கும் பிள்ளையும் வரலாறோ உளவியலோ எடுத்தாக வேண்டும். வீண் என்பார்கள் சிலர். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

செலவைக் குறைக்க இங்கேயே வழி உண்டு. கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கொமியூட்டர் ஏறினால் சுபாங் ஜெயா. அங்கே இன்டி, டெய்லர்ஸ் போன்ற இடங்களில் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் முதல் ஓரிரு ஆண்டுகளை ரிங்கிட்டில் படித்து, மீதியை அமெரிக்காவில் முடிக்கலாம். ஆனால், எந்தப் பாடத்தை ஏற்பது என்பது சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் முடிவு. ‘சி’க்குக் கீழே வாங்கிய பாடம் பெரும்பாலும் கணக்கில் சேராது. அதனால் முதல் செமஸ்டரிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பார்த்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். பாடத்திட்டத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள், பின்னால் கேட்பார்கள்.

ஏஜென்டிடம் பணம் கட்டுமுன், 1963 முதல் இயங்கும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தைக் கேளுங்கள். கோலாலம்பூரில்தான் இருக்கிறது.