சிறுநீரகத்தின் வடிகள்: ஊசித் துணுக்கு சொல்லும் செய்தி

காலையில் எழும்பும் பிள்ளையின் கண்மடல்கள் அதைத்திருக்கின்றன. பின்னேரமானால் கால்கள் அதைக்கின்றன. "பனி பிடித்திருக்கும்" என்கிறார் ஒருவர். "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார் இன்னொருவர். சொந்தக் கிணற்றை விட்டுவந்து பிறர் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் எங்களுக்குத் தண்ணீரில் சந்தேகம் வருவது இயல்பே. ஆனால் சிறுநீரை ஒரு முறையேனும் சோதிக்காமல் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. பிறகு "கிட்னி பழுது" என்ற சொல் காதில் விழுந்தவுடன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மனம் சோர்ந்துவிடுகிறோம். முதலாவது அசட்டை, இரண்டாவது வீண் பயம். இரண்டுமே பிழையானவை.

ஒரு வடி, பல நோய்கள்

கள்ளைப் பன்னாடையில் வடிப்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அத்தகைய நுண்ணிய வடிகள் ஏறக்குறைய 10 இலட்சம் உள்ளன. கழிவும் நீரும் அவற்றினூடாக இறங்கும். இரத்தமும் புரதமும் மேலே தங்கிவிடும். வடி கெட்டால் புரதம் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், உடல் அதைக்கும். இரத்தம் கசிந்தால் சிறுநீர் பிளேன்ரீ நிறமாகும்.

வடியைக் கெடுக்கும் நோய் ஒன்றல்ல, பல. வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றுபோல இருந்தாலும் மருந்து வேறுபடும். எது என்று அறியவே வைத்தியர்கள் பயொப்சி செய்கிறார்கள். நோயாளி குப்புறப் படுத்திருக்க, ஸ்கானில் பார்த்து, விறைப்பு ஊசி போட்டு, முதுகுப் பக்கமாக மெல்லிய ஊசியால் நூல் போன்ற ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். டென்மார்க் வைத்தியர்கள் இருவர் 1951இல் இம்முறையை எழுதி வெளியிட்டனர். பின்னர் சில மணிநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறுநீரில் சிறிது இரத்தம் கலந்து வரலாம்; பெரிய இரத்தப்பெருக்கு அரிது. அஸ்பிரின் போன்ற குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "கிட்னியை வெட்டி எடுக்கிறார்கள்" என்ற கதையை நம்பவேண்டாம்.

எந்த நோய் எத்தனை பேருக்கு?

ஐதராபாத்திலுள்ள நிசாம் மருத்துவ நிறுவனத்தில் 1990 முதல் 2008 வரை பயொப்சி செய்யப்பட்ட 1849 பேரின் முடிவுகள் 2011இல் வெளியாயின. நூற்றுக்கு 69 பேருக்கு நோய் வடியிலேயே தொடங்கியிருந்தது. 18 பேருக்கு உடலின் வேறொரு நோய் வடியைத் தாக்கியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது லூப்பஸ் என்னும் நோய். 9 பேருக்குப் பழுது வடிக்குக் கீழேயுள்ள குழாய்களில் இருந்தது. மிகுதிப் பேருக்கு இரத்தக் குழாய்களில்.

தனித்தனியாகப் பார்த்தால் முதலிடத்தில் நின்றது, சாதாரண நுணுக்குக்காட்டியில் வடி ஏறக்குறைய நல்லதாகவே தெரியும் 'மிகச்சிறு மாற்ற நோய்', நூற்றுக்கு 15. நற்செய்தியும் இதிலேயே உண்டு. இந்நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிறெட்னிசொலோன் குளிசைக்குக் குணமடைவர். பலருக்குத் திரும்பவும் வரும். திரும்பவும் மருந்து கேட்கும். குளிசையை வைத்தியர் சொல்லாமல் இடையில் நிறுத்துவதே ஆபத்து.

ஜப்பானிலோ ஐஜிஏ நோய் முதலிடம் பெறுகிறது. ஐதராபாத்தில் அது நூற்றுக்கு 5 மட்டுமே. ஏன் இந்த வேறுபாடு? ஒரு காரணம் இது: ஜப்பானில் 1974 முதல் பாடசாலைப் பிள்ளைகளின் சிறுநீரை ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். வருத்தம் தெரியாத பிள்ளையின் நோயும் அங்கே கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே இக்கணக்குகள் ஊரில் உள்ள நோயின் கணக்கல்ல. ஊசி வரை வந்தவர்களின் கணக்கு.

கணக்கில் வராதவர்கள்

எங்கள் குடிசைகளில் காணும் இரண்டு நோய்கள் இக்கணக்கில் குறைவாகவே தெரியும். ஒன்று, சிரங்கினால் வருவது. நெருக்கமான இருப்பிடங்களில் சொறி பரவும். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்து சிரங்காகும். சில வாரங்களில் பிள்ளையின் முகம் அதைத்து, சிறுநீர் கறுத்து வரும். பெரும்பாலான பிள்ளைகள் நல்ல கவனிப்பில் தேறிவிடுவதால் பயொப்சி தேவைப்படுவதில்லை. மற்றையது சலரோகத்தால் வருவது. நோயின் போக்கே காரணத்தைக் காட்டிவிடுவதால் இவர்களிலும் பலருக்கு ஊசி போடுவதில்லை. சிரங்குக்கு உடன் மருந்து, சீனிக்கும் பிரசருக்கும் கட்டுப்பாடு: இந்த இரண்டும் எங்கள் கையிலேயே உள்ளன.

வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா போன்ற விவசாயப் பகுதிகளில் 1990களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோய் வேறு வகையானது. பயொப்சியில் அங்கே வடியைவிடக் குழாய்களும் சுற்றியுள்ள சதையுமே பழுதாகிக் காணப்பட்டன. அதற்கு இதுதான் ஒரே காரணம் என்று எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை. அந்நோயில் தொடக்கத்தில் அதைப்பும் இராது, புரதமும் அதிகம் ஒழுகாது. எனவே சிறுநீர்ச் சோதனையோடு கிறியற்றினின் என்னும் இரத்தச் சோதனையும் வேண்டும். நாரி உளைவுக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் நோமாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பதைத் தோட்டம் கொத்துவோர் மறக்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முகமோ காலோ அதைத்தால், நுரை அடங்காமல் நின்றால், சிறுநீர் நிறம் மாறினால், அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போவோம். சிறுநீரில் புரதம் பார்ப்பது சில நிமிட வேலை. வைத்தியர் பயொப்சி வேண்டும் என்றால், "எதற்காக? முடிவு வந்தால் மருந்து மாறுமா?" என்று கேட்போம். கேட்பது எங்கள் உரிமை.

இன்னுமொன்று. 1990இலும் 1995இலும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் எங்களில் பலர். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் வைத்திருக்கும் அதே பையில் கிளினிக் கொப்பியையும் பயொப்சி முடிவையும் வைப்போம். மீண்டும் இடம் மாற நேர்ந்தால், புதிய வைத்தியர் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் கடதாசியே உதவும்.