களப்பு நண்டும் கோட்டை விருந்தும்

கொழும்புக் கோட்டை என்றவுடன் வங்கிகளும் வணிக நிலையங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய வங்கியும், 1997இல் திறக்கப்பெற்ற உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் அங்கேதான் நிமிர்ந்து நிற்கின்றன. பணம் கைமாறும் இடத்தை அடுத்து விருந்து மண்டபங்கள் எழுவது உலக வழக்கம். இலண்டனிலும் சிங்கப்பூரிலும் நாம் காண்பது இதுவே. கொழும்பும் இதற்கு விலக்கன்று. ஆயினும், கோட்டையிலுள்ள உணவகம் ஒன்றின் வரலாறு, சாகாமக் குளத்தையும் கீழ்க்கரைக் களப்புகளையும் அடுத்து வாழும் நமக்குச் சிறந்ததொரு பாடமாக அமைந்துள்ளது.

மத்திய வங்கிக்கு அண்மையில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலை ஒன்று உண்டு. 1681ஆம் ஆண்டிலேயே அது இருந்தமைக்குச் சான்று கிடைக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஊழியரும் கப்பலில் வந்த நோயாளரும் அங்கே சிகிச்சை பெற்றனர். தடித்த சுவர்களும், தேக்கு உத்திரங்களும், ஓட்டுக் கூரையும், நடுவே இரு முற்றங்களும் கொண்ட கட்டடம் அது. 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகிப் பல உயிர்கள் மாண்டபோது, இக்கட்டடமும் சேதமுற்றது. பின்னர் அது புதுப்பிக்கப்பெற்று, 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடமாகத் திறக்கப்பட்டது.

அங்கே அம்மாதமே தோன்றியதுதான் ‘மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்’ என்னும் உணவகம். ‘நண்டு அமைச்சு’ என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். சமையற்கலை வல்லுநர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் அதன் தாபகர்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் அது பன்முறை இடம்பெற்றுள்ளது. அங்கே ஒரு பெரிய நண்டின் விலை, கூலியாள் ஒருவரின் பல நாட் சம்பளத்தை விழுங்கிவிடும்.

இவ்வளவு விலை ஏன்? நண்டு புதுமையானதா? அன்று, அது நம் களப்புகளிலே சேற்றில் வளை தோண்டி வாழும் நண்டேயாகும். பல்லாண்டுகளாக இந்நாட்டின் களப்பு நண்டுகளிற் பருத்தவை கால்கள் கட்டப்பெற்று, உயிருடன் விமானத்தில் ஏறிச் சிங்கப்பூருக்குச் சென்றன. ‘இலங்கை நண்டு’ என்றால் அந்நகரத்தார் நாவில் நீர் ஊறும். சிறந்தது கடல் கடந்து சென்றது. எஞ்சியது நமக்கு என்று கிடந்தது. இந்நிலையை மாற்றி, சிறந்த நண்டினை இந்நாட்டு மேசையிலேயே பரிமாறுவோம் என்று முன்வந்தமையே அவ்வுணவகத்தின் சிறப்பு.

அதனினும் போற்றத்தக்கது அதன் ஒழுங்கு. அரைக் கிலோவுக்குக் குறைந்த நண்டு அங்கே சமைக்கப்படுவதில்லை. இதன் காரணத்தை மாணவர் அறிதல் நலம். நண்டு தன் ஓட்டினைக் கழற்றிக் கழற்றியே வளர்கிறது. ஓடு கழற்றிய புதிதில் அதன் உடலிற் சதை குறைவு, நீரே மிகுதி. மீண்டும் சதைபிடிக்க நாட்கள் வேண்டும். பெண் நண்டோ களப்பில் வளர்ந்து, முட்டையிடக் கடலை நாடிச் செல்கிறது. குஞ்சுகள் மீண்டும் களப்பையும் கண்டற் காட்டையும் அடைந்து வளர்கின்றன. சிறு நண்டையும் முட்டை தாங்கிய தாயையும் இன்று பிடித்து விற்பவர், நாளைய வலையை இன்றே அறுத்துவிடுகிறார். விதை நெல்லைக் குற்றி உண்பவனை நம் உழவர் என்ன சொல்வர்? களப்பிற்கும் அதே நீதிதான்.

நண்டினை உண்ணாத குடும்பங்கள் நம் பகுதியில், முஸ்லிம்களிடையேயும் இந்துக்களிடையேயும், பல உண்டு. அவர்களுக்கு இதில் என்ன பயன் என்று வினவலாம். நாம் சொல்ல வந்தது நண்டைப் பற்றி மட்டுமன்று. நம் வயலின் நெல், நம் எருமைத் தயிர், நம் கடலின் மீன் ஆகிய யாவும் இதே வழியில்தான் செல்கின்றன. விளைவித்தவர் தராசு முனையில் விலை கேட்டு நிற்கிறார். தரம் பிரித்து, பேர் சூட்டி, மேசைக்குக் கொண்டு செல்பவரிடமே பெரும் இலாபம் சேர்கிறது. ஒரு பொருளின் மதிப்பு சேற்றிற் பிறந்தாலும், அதனை அறிந்து பேணுகின்ற கையிலேதான் வளர்கிறது.

அந்தக் கை நம் பிள்ளைகளுடையதாக ஏன் இருத்தல் கூடாது? சமையலையும் மீன்பிடியையும் படிக்காதவர் தொழில் என்று இகழும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. வங்கியில் எழுதுவினைஞராகக் கோட்டைக்குச் செல்லும் பிள்ளையைப் பெருமையோடு வழியனுப்புகிறோம். அவ்வங்கிக்கு எதிரே அடுக்களையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி அயலாரிடம் பேசவும் கூசுகிறோம். விலங்கியல் கற்ற மாணவர் களப்பைக் காக்கலாம். வணிகம் கற்றவர் மீனவர் சங்கத்திற்குக் கணக்கும் ஏற்றுமதி முறையும் கற்பிக்கலாம். கைத்திறன் மிக்கவர் அடுப்பங்கரையிலே புகழ் தேடலாம்.

கோட்டை மேசையில் அமர்ந்து உண்ணும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். அதனால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. அம்மேசைக்குச் செல்லும் பொருளின் அருமையை நாம் முதலில் அறிந்து, அதற்குரிய விலையைக் கேட்கும் துணிவு பெறுவோமாயின், அதுவே நம் ஊருக்குப் பெருவிருந்தாகும்.