ஒரே சுவர், இரண்டு கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர், தறி போட இன்னொரு அறை எழுப்புகிறார் என்று வையுங்கள். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு சுவர். எத்தனை செங்கல் வேண்டும்? இணையத்தில் கிடைக்கும் ஒரு கட்டுமானக் கால்குலேட்டர் 1,062 என்று காட்டும். இன்னொன்று 831 என்று காட்டும். இரண்டிலுமே பெருக்கல் சரிதான்.

வேறுபடுவது செங்கல். சுவரின் கன அளவு 75 கன அடி, அதாவது 2.12 கனமீட்டர். முதல் கால்குலேட்டர் ஐ.எஸ். 1077 தரக்குறியீட்டின் 19×9×9 செ.மீ. கல்லை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு அளவோடும் 1 செ.மீ. கலவையைச் சேர்த்தால் கனமீட்டருக்கு 500 கல். இரண்டாவது, பழைய 9×4½×3 அங்குலக் கல்லை வைத்துக் கணக்கிட்டது. அதற்குக் கனமீட்டருக்கு 391தான். முதல் எண்ணை நம்பி வண்டிக்குச் சொல்லிவிட்டு இந்தக் கல்லை இறக்கினால், 231 கல் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே துளை என்பதை நெசவாளர் கண்ணாலேயே பார்க்கலாம். கால்குலேட்டரும் அப்படித் திறந்து காட்ட வேண்டும்: கல்லின் அளவு, கலவையின் தடிமன், சேதாரத்துக்கு எத்தனை சதவீதம், எந்தத் தரக்குறியீடு. அவற்றை நாம் மாற்றவும் இடம் தர வேண்டும். விடையை மட்டும் நீட்டுவதை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

கான்கிரீட்டில் ஒளிந்திருக்கும் எண் 1.54. சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் உலர்ந்த நிலையில் அடைக்கும் இடம் அதிகம். தண்ணீர் விட்டுக் கலந்து இறுக்கினால் சுருங்கிவிடும். அதனால்தான் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 1.54 கனமீட்டர் உலர் பொருள் எடுக்கிறார்கள். 1:1½:3 கலவையில் 20×10 அடி, 5 அங்குலத் தளத்துக்கு 19 மூட்டை சிமென்ட் ஆகும். 1.54ஆல் பெருக்குவதை விட்டுவிட்டால் 12 மூட்டை சொச்சம்தான் காட்டும். தளம் பாதியில் நிற்கும்.

தண்ணீர்த் தொட்டிக்கு அலகுதான் வில்லன். ஆறடி விட்டம், ஆறடி ஆழமுள்ள வட்டத் தொட்டி சுமார் 4,800 லிட்டர் கொள்ளும். விடை கேலனில் வந்தால், எந்தக் கேலன் என்று பாருங்கள். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546.

சோதிக்க எளிய வழி, விடை தெரிந்த ஒன்றைக் கேட்பது. உதாரணமாக, கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து பிறந்த சூத்திரம் இது. இதில் தடுமாறும் கால்குலேட்டரை மூடிவிடலாம்.

தளத்துக்கு எந்தக் கம்பி, எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறியாளரிடமே கேளுங்கள். செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் சூளையில் நாலைந்து கல்லை டேப் வைத்து அளந்து, அந்த அளவையே கால்குலேட்டரில் போடுங்கள்.